பொன்னாடையும் அறிமுகமும்

“பிரபல கலைஞர்களை மாணவர்க்கு அறிமுகம் செய்தல்” என்னும் தொடர் எமது தமிழ்ச் சங்கங்களின் ஆண்டறிக்கைகளிலே தவறாது இடம்பெறுவதொன்று. நோக்கங்களின் வரிசையிலே அதனை முதன்முதல் எழுதிவைத்தோர் நல்லெண்ணத்துடனேயே எழுதினர் என்பதில் ஐயமில்லை. ஆயின், அந்நோக்கம் நடைமுறையிலே என்ன வடிவம் பெறுகின்றது என்பதை ஒருமுறையேனும் நோக்குதல் வேண்டும். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு மண்டபம் வாடகைக்கு எடுக்கப்படுகிறது. திரை விலகுகிறது. அறிவிப்பாளர் கலைஞரின் பட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். பிரதம விருந்தினர் பொன்னாடை போர்த்துகிறார். மாலை, நினைவுச் சின்னம், புகைப்படம் என்பன முறையே தொடர்கின்றன. இவை யாவும் முடிந்தபின் எஞ்சிய நேரத்திலே கலைஞர் பாடுகிறார் அல்லது ஆடுகிறார். மறுநாட் காலை, அவர் பாடிய இராகம் யாது, ஆடிய உருப்படி யாது என்று சபையில் இருந்தோரை வினவினால் விடை கூறக்கூடியோர் மிகச் சிலரே. அவருடைய பெயரையோ நாம் முன்னரே அறிந்திருந்தோம். அதனாலன்றோ மண்டபம் நிறைந்தது! முன்னரே அறிந்த பெயரை ஒலிபெருக்கியில் இன்னொரு முறை கேட்பதற்கு அறிமுகம் என்று பெயரிடலாமா?

கலைஞரை அறிதல் என்பது அவர் செய்யும் தொழிலை அறிதல். அவ்வறிவு தோன்றாத இடத்திலே நிகழ்வது உபசாரம். உபசாரம் தன்னளவிலே தீதன்று. ஆயின், அதனை அறிமுகம் எனக் கொண்டு சங்கத்தின் ஆண்டு வருவாயிற் பெரும்பகுதியை ஒரே மாலைப் பொழுதிற் செலவிடுவதும், அதன்பின் நுண்கலைக்கான எமது கடமை நிறைவேறிற்று என்று திருப்தியடைவதும் தீது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

கலைஞரை எங்ஙனம் அறிமுகம் செய்வது என்பதற்கு நாம் வெளியே சென்று முன்மாதிரி தேட வேண்டுவதில்லை. தமிழ் பயில்வோர் பரீட்சைக்கென மனனஞ் செய்யும் சிலப்பதிகார அரங்கேற்று காதையே போதுமானது. ஏழாண்டு பயின்ற மாதவி தனது பன்னிரண்டாம் வயதிலே அரங்கேறுகிறாள். அவள் ஆடுவதற்கு முன்னர் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவரை எம்முன் கொணர்ந்து நிறுத்துகிறார். அவர்களை அவர் பட்டங்களால் அறிமுகம் செய்யவில்லை. ஒவ்வொருவரும் எதனை அறிந்தவர், எதனைச் செய்ய வல்லவர் என்பதையே கூறுகிறார். அடுத்து அரங்கின் அளவைத் தருகிறார்: அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். மூவகைத் திரைகளையும் விளக்குகிறார். இவற்றையெல்லாம் அறிந்த பின்னரே மாதவி வலக்காலை முன்வைத்து அரங்கேறக் காண்கிறோம். தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் ஆட்டம் முடிந்த பின்னரே வருகின்றன. எமது விழாக்களிலே பரிசு முன்னும் ஆட்டம் பின்னுமாக இவ்வொழுங்கு தலைகீழாகிவிட்டது. அறுவரைப் பற்றிய செய்தியோ முற்றாகவே மறைந்துவிட்டது. பக்கவாத்தியம் வாசிப்போரின் பெயரைக்கூட அறிவிப்பாளர் துண்டுக் காகிதத்தைத் தேடியெடுத்தே வாசிக்கிறார்.

இக்காதையிலே யாழாசிரியனைப் பற்றிக் கூறும் அடிகளுக்குப் பொருள் காணும் முயற்சியிலிருந்தே சுவாமி விபுலாநந்தரின் யாழ்நூல் விரிந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக 1943ஆம் ஆண்டிலே பதவியேற்ற அவர், விஞ்ஞானமும் பயின்றவர். சுரங்களின் நிலைகளைக் கணித முறையால் ஆராய்ந்தார். வழக்கொழிந்த யாழ்களின் அமைப்பை மீட்டுரைத்தார். 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரிலே நூல் அரங்கேறிற்று. அடுத்த மாதமே அவர் மறைந்தார். ஒரு சொல்லின் பொருளை அறிவதற்கு நரம்பையும் மரத்தையும் தேடிச் சென்றவர் அமர்ந்திருந்த நாற்காலியின் வழிவந்த மாணவர் நாம். இன்று எமது விடைத்தாள்களிலே யாழ்நூல் ஒரு நூற்பெயராக மாத்திரமே நிற்கின்றது. ஒரு பண்ணையேனும் செவியாற் கேட்டு இனங்காணவியலாத மாணவன் யாழ்நூலின் சிறப்பினை நான்கு பக்கங்களில் எழுதிச் சித்தியெய்தக்கூடும். குற்றம் அவனுடையதன்று. நுண்கலையை எழுத்திலே மாத்திரம் அறிமுகஞ் செய்து, அதுவே போதுமென்று எண்ணிய எம் அனைவருடையதுமாம்.

“பிரபல” என்னும் அடைமொழியை யார் வழங்குகின்றனர் என்பது அடுத்த வினா. சென்னைச் சபாக்களும் தொலைக்காட்சிப் போட்டிகளும் சினிமாவும் வழங்கும் பெயர்களே எமக்குப் பிரபலமானவை. தமிழ்நாட்டுக் கலைஞர்கள் இங்கு வருவதை நான் எதிர்க்கவில்லை. எமது இசையும் ஆடலும் பாக்கு நீரிணையால் வெட்டுண்டவை அல்ல. ஆயின், எம் அருகே நின்று வாசிக்கும் ஒருவரை எமக்குக் காட்டாத பிரபலம், எமது கண்ணுக்கு ஊறு செய்வதாகும்.

நாதஸ்வரத்தையும் தவிலையும் எடுத்துக்கொள்வோம். ஆடிவேல் விழாவிலே செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் வரும்போதும், கொட்டாஞ்சேனைக் கோவில்களிலே கொடியேறும்போதும், வெள்ளவத்தைத் திருமண மண்டபங்களிலே தாலி கட்டும்போதும் இவ்விரு வாத்தியங்களும் எமக்காக ஒலிக்கின்றன. சுவாமி புறப்படும்போது கம்பீரநாட்டையிலே மல்லாரி வாசிக்கப்படுகிறது. அதனைக் கேட்டு ‘இது மல்லாரி’ என்று கூறவல்ல மாணவர் எத்தனை பேர்? வலக்கை விரல்களிலே கூடுகள் அணிந்து, இடக்கையிலே கழியேந்தி, இரு பக்கங்களிலும் இருவேறு கணக்குகளை ஒருங்கே நடத்துகிறார் தவில் வித்துவான். நாம் அவருக்கு முதுகு காட்டி நின்று சாப்பாட்டுப் பந்தி எப்போது தொடங்கும் என்று வினவிக்கொண்டிருக்கிறோம். திருமண அழைப்பிதழிலே மண்டபத்தின் பெயர் உண்டு. அவர் பெயர் இல்லை.

இவ்வாத்தியத்திலே உலகம் வியந்த ஒருவரை ஈழம் தந்தது. யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி 1933ஆம் ஆண்டு பிறந்து, 1975ஆம் ஆண்டு தமது நாற்பத்தோராம் வயதிலே மறைந்தார். தமிழ்நாட்டு நாதஸ்வர வித்துவான்களே விரும்பி அழைத்த தவிற் கலைஞர் அவர். அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் 2015ஆம் ஆண்டுக்கான இந்திய தேசிய விருதினையும் பெற்றது. தவில் பிரபலமாக வேண்டுமாயின் அதற்குரிய தகுதி யாவும் எம்மிடம் இருந்தன. இல்லாதது அதனை இருந்து கேட்கும் சபையே. கோவில் வீதியிலே நின்று வாசிப்போரை மேடையேற்றிக் கேட்பதற்குச் சாதியுணர்வு நீண்ட காலம் தடையாக நின்றது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. அத்தடையை நாவால் மறுக்கும் நாம், அவ்வித்துவான்களைச் சங்க மேடைக்கு மங்கல இசைக்கென ஐந்து நிமிடம் அழைத்துவிட்டு, பின்கதவால் அனுப்புவதன் மூலம் செயலால் அதனைத் தொடர்கிறோம்.

ஓவியத்தின் நிலை இதனினும் பரிதாபமானது. பாட்டும் பரதமுமாவது விழாவிலே இடம்பெறுகின்றன; ஓவியர் அழைக்கப்படுவதே இல்லை. குருநகரிலே 1933ஆம் ஆண்டு பிறந்து, கொழும்பிலே ஓவியம் பயின்று, யாழ்ப்பாணத்திலே விடுமுறைக்கால ஓவியர் கழகத்தின் வாயிலாகப் பலரைப் பயிற்றுவித்த அ. மாற்கு 2000ஆம் ஆண்டு மறைந்தார். அவரைப் பற்றி 1987ஆம் ஆண்டு, போர்ச் சூழலின் நடுவே, நண்பர்கள் சிலர் ‘தேடலும் படைப்புலகமும்’ என்னும் மலரை வெளியிட்டனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் புறப்பட்டபோது, கையில் எடுத்த பையிலே அடங்காதவை யாவும் பின்னே விடப்பட்டன. பெரிய ஓவியம் எதுவும் ஒரு பையில் அடங்குவதன்று. ஒரு சமூகம் தன் ஓவியரை அறியாதிருப்பதன் விளைவு இத்தகைய வேளையிலேதான் தெரியவரும். பலரும் கண்டு, பேசி, படமெடுத்து, எழுதிவைத்த ஓவியம் அழிந்தாலும் அதன் நினைவு எஞ்சும். எவரும் காணாத ஓவியம் இருமுறை அழிகிறது. எமது தமிழ் மாணவருள் மாற்குவின் ஒரு கோட்டுச் சித்திரத்தையேனும் கண்டவர் எத்தனை பேர்? ஆசை இராசையாவின் ஓவியமொன்றைக் கண்டவர் எத்தனை பேர்?

கொழும்பிலே வாழ்வோர் ‘எமக்கு வாய்ப்பில்லை’ என்று கூறுதல் சாலாது. இந்நகரிலே ஒரு பஸ் பயணத்துள் அடங்கும் தொலைவிலே எத்தனை இருக்கின்றன என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரம் சேர் பொன்னம்பலம் இராமநாதனால் 1907ஆம் ஆண்டு தொடங்கிக் கருங்கல்லால் மீளக் கட்டப்பெற்றது. தென்னிந்தியக் கோவிற் கட்டட மரபு தூணிலும் போதிகையிலும் எவ்வாறு அமைகிறது என்பதைக் கற்பதற்கு அதுவே ஒரு பாடசாலை. கொட்டாஞ்சேனை மாணவர் பலர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அத்தூண்களைச் சுற்றி வருகின்றனர். ஒரு தூணையேனும் பார்த்தவர் சிலர். பொரளையிலுள்ள கோதமி விகாரையிலே ஜோர்ஜ் கீற் 1939, 1940ஆம் ஆண்டுகளில் தீட்டிய சுவரோவியங்கள் இன்றும் உள்ளன. புத்தர் வரலாற்றைப் பழைய மரபின் கோடுகளாலும் ஐரோப்பிய நவீன ஓவியம் தந்த துணிவாலும் ஒருங்கே வரைந்தவர் அவர். கீதகோவிந்தத்தை ஆங்கிலத்திலே பெயர்த்தவரும் அவரே. கல்கிசைப் பரிசுத்த தோமையார் கல்லூரியின் வழிபாட்டு மண்டபத்திலே டேவிட் பெயின்ரர் தீட்டிய பெருஞ்சுவரோவியம் 1968ஆம் ஆண்டுக்குரியது. வெள்ளவத்தையிலிருந்து அது மிகச் சிறிய பயணமே.

1943ஆம் ஆண்டிலே லயனல் வென்ற் என்பார் கூட்டிய ‘43ஆம் குழு’ இலங்கையின் நவீன ஓவியத்துக்கு வித்திட்டது. கீற், ஜஸ்ரின் தரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், மஞ்சுசிறி, ரிச்சட் கேப்ரியல் ஆகியோர் அக்குழுவினர். ஹரி பீரிஸ் தமது இல்லத்தையே சப்புமல் மன்றமாக்கி, அக்குழுவினரின் படைப்புக்களை அங்கு வைத்துச் சென்றார். கொழும்பு 7இல், பாண்ஸ் பிளேஸிலே அவ்வீடு இருக்கிறது. அதன் சுவர்களிலே தொங்கும் ஐவன் பீரிஸின் கடற்கரைகள் எமக்கு அந்நியமானவையல்ல. தெகிவளையிலே வளர்ந்த அவர் வாழ்நாள் முழுதும் வரைந்த கடல், வெள்ளவத்தைப் புகையிரதப் பாதையோரத்திலே நின்று நாம் நாள்தோறும் காணும் கடலேயாம்.

தேசிய கலாபவனம் அமைந்த வீதிக்கு ஆனந்த குமாரசுவாமியின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவ்வீதியின் நடைபாதையிலே ஓவியர்கள் தம் படங்களைச் சார்த்திவைத்து விற்கின்றனர். 1993ஆம் ஆண்டு முதல் ‘கலா பொல’ என்னும் ஓவியச் சந்தையும் அங்கே கூடிவருகின்றது. 1877ஆம் ஆண்டு கொழும்பிலே சேர் முத்துக் குமாரசுவாமியின் மகனாகப் பிறந்து, கனிப்பொருளாய்வுக்கென இந்நாட்டின் கிராமங்களிலே அலைந்து, அங்கு கண்ட கைவினைஞரின் தொழிலால் ஈர்க்கப்பட்டு, 1908ஆம் ஆண்டு இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை எழுதியவர் குமாரசுவாமி. கலைஞனையும் கைவினைஞனையும் வேறு பிரித்து, முன்னவனைப் பீடத்திலும் பின்னவனைத் தெருவிலும் வைக்கும் வழக்கத்தையே அவர் வாழ்நாள் முழுதும் சாடினார். அவர் பெயரால் அமைந்த வீதியின் நடைபாதை ஓவியரைத் திரும்பியும் பாராது கடந்து சென்று, அவரைப் பற்றி மண்டபத்திலே நினைவுப் பேருரை நிகழ்த்துவோமாயின், அது நகைப்புக்கிடமான செயலன்றி வேறென்ன?

பல்கலைக்கழகமொன்று கலைஞரை உண்மையாகவே அறிமுகம் செய்யக்கூடும் என்பதற்கு இந்நாட்டு வரலாற்றிலேயே சான்றுகள் உண்டு. பேராதனையிலே பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர, நாடகம மரபிலே வல்ல சாள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயை அழைத்து அவரிடம் கற்றார். 1956ஆம் ஆண்டு ‘மனமே’ பிறந்தது. அதே வளாகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியாரை அழைத்தார். மாணவர்கள் அவர் முன்னிலையிலே தாளக்கட்டுக்கு ஆடப் பழகினர். 1964ஆம் ஆண்டு ‘இராவணேசன்’ மேடையேறிற்று. விடிய விடிய ஆடிய கூத்தை இரண்டொரு மணி நேரத்துக்குச் சுருக்கியமை தகுமா என்னும் வாதம் இன்றும் உண்டு. அது நல்ல வாதமே. எனினும் ஒன்றை எவரும் மறுக்கவியலாது. அண்ணாவியாரைப் பொன்னாடை போர்த்தி அனுப்பியிருப்பின் வாதிடுவதற்கே ஒன்றும் இருந்திராது. அவருடைய தொழிலை மாணவரின் கால்கள் கற்றன. அக்கால்களிற் சில பிற்காலத்திலே பிறருக்கும் கற்பித்தன.

இந்தியாவிலே இதே பணி ஓர் இயக்கமாகவே வளர்ந்துள்ளது. நியூயோர்க்கிலே மாணவராக இருந்த காலத்திலே டாகர் குடும்பத்தினரின் துருபத் இசையைக் கேட்ட கிரண் சேத் என்பார், தாயகம் திரும்பி டில்லித் தொழினுட்பக் கழகத்திலே பொறியியல் கற்பித்தார். தம் மாணவருக்கு அவ்விசை முற்றிலும் அந்நியமாக இருப்பதைக் கண்டு 1977ஆம் ஆண்டு ‘ஸ்பிக் மக்கே’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். அது கலைஞரைக் கல்லூரிகளுக்கும் பாடசாலைகளுக்கும் அழைத்துச் செல்கிறது. அனுமதிக் கட்டணம் இல்லை. கலைஞர் பாடுவதுடன் விளக்குகிறார், மாணவர் வினவுகின்றனர். ஏற்பாடுகளைச் செய்வோர் பெரும்பாலும் மாணவத் தொண்டர்களே. பிஸ்மில்லா கான், பிர்ஜு மகராஜ், ஹரிபிரசாத் சௌரசியா போன்றோரும் இவ்வாறு மாணவர் முன் அமர்ந்தனர். அங்கே பிரபலம் பயன்பட்ட முறையைக் கவனிக்க வேண்டும். பெரும் பெயரைக் கொண்டு மண்டபத்தை நிரப்புவதற்கு மாறாக, பெரும் வித்தையைச் சிறிய கூட்டத்தின் அருகே அவர்கள் கொண்டுசென்றனர். அவ்வியக்கத்தை அப்படியே இங்கு நட்டுவிடலாம் என்று நான் கூறவில்லை; அவர்களுக்குள்ள அரச உதவியும் அனுசரணையும் எமக்கில்லை. ஆயினும் ஒரு பாயும், ஒரு விரிவுரை மண்டபமும், இரண்டு மணி நேரமும் எந்த வளாகத்திலும் கிடைக்கும்.

இதற்கு எழுப்பப்படும் ஆட்சேபங்களை இனி நோக்குவோம்.

முதலாவது, ‘மாணவர் வரமாட்டார், சினிமாப் பாட்டில்லாத நிகழ்ச்சிக்கு யார் வருவார்?’ என்பது. சங்கச் செயற்குழுக்களில் இது முற்றுமுடிந்த உண்மைபோற் கூறப்படுகிறது. கேட்க என்றுமே பழக்கப்படாத ஒருவனை மூன்று மணி நேரக் கச்சேரியில் இருத்தினால் அவன் எழுந்து செல்வது இயல்பே. எழுத்தறியாதவன் கையிலே நூலைக் கொடுத்துவிட்டு, அவனுக்கு வாசிப்பில் ஆர்வமில்லை என்று கூறுவோமா? ஆலாபனையிலே எதனைக் கவனிப்பது, தனியாவர்த்தனத்திலே தாளத்தை எங்கே பிடிப்பது என்று ஒருவர் கால் மணி நேரம் எடுத்துரைத்தால் அடுத்த கால் மணி நேரம் வேறாகக் கேட்கும். நூறு பேருக்குப் பதிலாக இருபது பேர் வரட்டும். இருபது பேர் ஒரு கலையை அறிந்து வெளியேறுதல், ஐந்நூறு பேர் கைதட்டி வெளியேறுவதிலும் மேலானதாம்.

இரண்டாவது ஆட்சேபம் முற்போக்கு நண்பர்களுடையது. நுண்கலை என்பது வசதிபடைத்தோரின் பொழுதுபோக்கு என்பர். இதில் உண்மையுண்டு. இந்நகரிலே நிகழும் பரதநாட்டிய அரங்கேற்றங்கள் பல திருமணச் செலவை ஒத்த செலவுடன் நடைபெறுகின்றன. ஆடையும் நகையும் அழைப்பிதழும் மண்டபமும் பேசப்படும் அளவுக்கு அடவும் அபிநயமும் பேசப்படுவதில்லை. வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளை ஒவ்வொன்றாகச் சித்தியெய்தி, ‘கலாவித்தகர்’ பட்டமும் பெற்று, உயர்தரப் பரீட்சையுடன் வீணையை உறையிலிட்டு மூடிவிடும் குடும்பங்களை நாம் அறிவோம். ஆயின் இவற்றினின்று பெறப்படும் முடிவு யாது? வசதியுள்ளோர் கலையைத் தம் மதிப்பின் அடையாளமாக்கினர் எனில், அதனை அவர்களிடமே விட்டுவிடுவது எங்ஙனம் முற்போக்காகும்? தவிலும் கூத்தும் உழைப்போரின் கைகளிலும் கால்களிலும் வளர்ந்தவை. பணம் கொடுத்துக் கற்க இயலாத மாணவன் கலையைச் சந்திக்கக்கூடிய இடமாகச் சங்கத்தின் இலவச அரங்கு அமையலாம். அதனை மூடுவோர் எவராயினும், அவர் வசதிபடைத்தோருக்கே உதவி செய்கிறார்.

மூன்றாவது ஆட்சேபம், ‘பிறமொழியாளரின் கலையைத் தமிழ்ச் சங்கம் ஏன் அறிமுகம் செய்ய வேண்டும்?’ என்பது. கோதமி விகாரையையும் சப்புமல் மன்றத்தையும் குறிப்பிட்டபோதே இவ்வினாவைச் சிலர் மனத்தில் எழுப்பியிருப்பர். சிங்கள நாடகம மரபு தமிழ்க் கத்தோலிக்கக் கூத்துக்களின் வழிவந்தது என்பதை ஆய்வாளர் காட்டியுள்ளனர். அம்மரபிலிருந்து ‘மனமே’ பிறந்ததைக் கண்ட ஊக்கமும் தமிழ்க் கூத்தின் மீட்டெடுப்புக்குத் துணைநின்றது. கொடுத்ததையும் பெற்றதையும் அறியாத சமூகம் தன் கலையையும் முழுமையாக அறியாது. கண்டிய நடனத்தை மேடைக்குரிய பெண்களின் ஆடலாக வளர்த்தெடுத்த வஜிரா சித்திரசேனாவுக்கு இந்திய அரசு 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. அவர் வாழ்ந்த நகரிலே பரதம் பயிலும் எமது மாணவிகளுள் அவருடைய ஆடலை அறிந்தோர் எத்தனை பேர் என்பதை அவர்களே கூறட்டும்.

‘இன்று யாவும் கைத்தொலைபேசியிலே கிடைக்கின்றனவே’ என்று கூறுவோரும் உளர். மெய்தான். எந்த வித்துவானின் கச்சேரியும் யூரியூப்பிலே கிடைக்கிறது. அதனாலேயே, கலைஞரின் முகத்தைக் காட்டுவது சங்கத்தின் பணியாக இனியும் இருக்க வேண்டுவதில்லை என்கிறேன். கைத்தொலைபேசியிடம் வினவ முடியாதவற்றை வினவுவதற்குரிய இடத்தைச் சங்கம் ஆக்கித் தரட்டும். சீவாளியை எவ்வாறு பதப்படுத்துகிறீர், இக்கோட்டை ஏன் இவ்விடத்தில் நிறுத்தினீர், இம்முத்திரைக்கு முன் கண் எங்கே செல்ல வேண்டும் என்று ஒரு மாணவன் கேட்பானாயின் அந்நொடியிலேதான் அறிமுகம் தொடங்குகிறது.

இவ்வாதம் வெறும் இரசனை பற்றியதன்று. கலைப்பீடத்திலிருந்து வெளியேறுவோருட் பெருந்தொகையினர் ஆசிரியராகின்றனர். பாடசாலைகளிலே ஆறாந்தரம் முதல் ஒவ்வொரு பிள்ளையும் சங்கீதம், சித்திரம், நடனம், நாடகம் என்னும் அழகியற் பாடங்களுள் ஒன்றைப் பயில்கிறது. அவற்றைக் கற்பிப்பதற்குத் தகுந்த ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் மலையகத்திலும் வன்னியிலும் கிழக்கின் எல்லைக் கிராமங்களிலும் உள்ளன. அங்கு செல்லும் தமிழாசிரியரே கலைவிழாவையும் நாடகப் போட்டியையும் பொறுப்பேற்பவர். அவர் எதனைக் கற்பிப்பார்? தாம் பல்கலைக்கழகத்திலே கண்டதையே கற்பிப்பார். பட்டங்களை வாசித்தலையும் மாலையிடுதலையும் கண்டவர் அவற்றையே பிள்ளைகளுக்கும் பழக்குவார். பத்து வயதுப் பிள்ளைகள் பிரதம விருந்தினருக்கு மாலையிடும் வரிசையிலே ஒரு மணி நேரம் நின்று களைத்தபின் ஐந்து நிமிடம் ஆடும் விழாக்களைக் காணும்போது அவ்விழாவின் மூலத்தை நாம் உணர்தல் வேண்டும். அது எமது மண்டபங்களிலிருந்தே சென்றது.

ஆதலின் சங்கத்தின் அடுத்த செயற்குழுவின் முன் சில கோரிக்கைகளை வைக்கிறேன். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அனுசரணையாளரைத் தேடி அலைவதன் துன்பத்தைச் செயற்குழுவினர் என்னிலும் நன்கறிவர். இக்கோரிக்கைகளுக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒன்று, ஒரு பெருவிழாவுக்கு ஒதுக்கும் பணத்தைப் பல சிறு அமர்வுகளாகப் பிரித்தல். ஒவ்வோர் அமர்விலும் ஒரு கலைஞர்; செய்முறை விளக்கம்; மாணவர் வினாக்கள். இரண்டு, முதல் அமர்வைக் கொழும்புக் கோவில்களிலே வாசிக்கும் தவில் நாதஸ்வர வித்துவான்களுக்கு அளித்தல். மூன்று, பொன்னாடைக்கும் நினைவுச் சின்னத்துக்கும் செலவாகும் பணத்தைக் கலைஞரின் சன்மானத்துடன் சேர்த்தல். பசியைக் கேளாமல் பட்டம் சூட்டும் வழக்கம் எம்முடன் முடியட்டும். நான்கு, ஆண்டில் இருமுறையேனும் ஓவியங்களையும் சிற்பங்களையும் அவை இருக்கும் இடத்திற் சென்று, அறிந்த ஒருவரின் துணையுடன் காணுதல். ஐந்து, ஒவ்வோர் அமர்வையும் ஒலிப்பதிவு செய்து, மாணவர் ஒருவர் அதனைக் கட்டுரையாக எழுதி இம்மலரிலே வெளியிடுதல். வெளிநாட்டிலிருந்து வரும் பெருங்கலைஞர் எவரேனும் விழாவுக்கு இசைவாராயின், மேடைக்கு முன்னதாக ஒரு பிற்பகல் மாணவருடன் அமர்வதை அழைப்பின் நிபந்தனையாக்கலாம். தம் கலையை மதிக்கும் எவரும் அதனை மறுக்கமாட்டார்.

இவற்றுள் ஒன்றேனும் இயலாதது எனச் செயற்குழு கருதுமாயின், காரணத்தைப் பொதுக்கூட்டத்திலே கூறட்டும், கேட்கச் சித்தமாயிருக்கிறோம். இயலும் எனக் கருதுமாயின், அடுத்த ஆண்டு இம்மலரின் பக்கங்களைப் புரட்டுவோர் பிரதம விருந்தினரின் முழுப்பக்கப் புகைப்படம் இருந்த இடத்திலே, கொச்சிக்கடையிலே தவில் வாசிக்கும் ஒருவர் தம் தொழிலைப் பற்றி எமது மாணவருக்குக் கூறியவற்றை வாசிப்பாராக. அவருடைய பெயரும் அங்கே முழுமையாக அச்சிடப்பட்டிருத்தல் வேண்டும்.